அழிக்கச் சொன்னது நான்தான்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், இன்னும் நேரில் பார்க்காத எங்கள் மகளுக்காகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்த நண்பரிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். அதிலேயே என் வேலை விண்ணப்பத்தையும் போட்டுக்கொண்டு காளவாசல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கடைக்காரர், "இம்புட்டு வைரஸ் இருக்கேம்மா, ஃபார்மட் பண்ணிரவா?" என்றார்.

வைரஸ் மட்டும்தான் போகும் என்று நினைத்து, "பண்ணுங்கண்ணே" என்றேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் காலியாக இருந்தது. போனில் கணவரிடம் சொன்னதும், "அதுக்கெதுக்கு அழுகுற? திரும்பப் பேசி அனுப்புறேன்" என்றார்.

அனுப்பினார். அதை இரண்டு சிடியில் நகல் எடுத்துவிட்டேன். கடைக்கு இப்போது வேறு பென் டிரைவ்தான் போகிறது.

முதல் பதிவில் "பாப்பா" என்று கூப்பிட்டவர், குரல் கம்மி, கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். புதியதில் தடங்கலே இல்லை. "பாப்பா" என்றதும் நானே நிறுத்தி, அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் ஓடவிடுகிறேன்.