சட்டைக்குள் மஞ்சள் பெல்ட்

மணலூர்பேட்டையில் திருக்கோவிலூர் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். இதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். கரும்பு வெட்டப் போகிற பெண்களைப் போல, மேலே கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருக்கிறார். ஆனால் கீழே சேலை இல்லை, வெள்ளைக் கால்சட்டை. சட்டைக்கு அடியில் ஒரு மஞ்சள் பெல்ட்டின் நுனி தொங்குகிறது.

"கராத்தேங்களா?"

"ஆமாங்க. பொண்ணத்தான் சேத்தேன். அது ஒரு மாசத்துல போர் அடிக்குதுன்னு நின்னுடுச்சி. நான் போய்க்கினு இருக்கேன்."

தற்காப்புக்காகவா என்று கேட்கிறேன். சிரிக்கிறார்.

"என்னை யாருங்க அடிக்கப் போறாங்க? எங்க வூட்டுக்காரரு அந்த மாதிரி ஆளு இல்ல. நான் கத்தறதுக்குத்தாங்க போறேன். வூட்ல கொஞ்சம் ஜாஸ்தியா சத்தம் வந்தா, பொம்பளைக்கு இன்னா இம்மாந்தொண்டைன்னு மாமனாரு கேப்பாரு. அங்க கத்தலைன்னாதான் மாஸ்டர் திட்றாரு. சத்தம் அடிவயித்துலேர்ந்து வரணுமாம்."

இத்தனையும் எனக்கு மட்டும் கேட்கும்படி அவ்வளவு மெதுவாகச் சொல்கிறார்.

பேருந்து வருகிறது. நிற்காமல் எங்களைத் தாண்டிப் போகிறது. நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடுகிறேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கிளம்புகிறது. டீக்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிறது. பேருந்து நிற்கிறது. கத்தியது யாரென்று கண்டக்டர் படியில் தொங்கியபடி தேடுகிறார்.

அந்தப் பெண் பெல்ட்டின் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்து வருகிறார்.

"ஏறுங்க," என்கிறார், பழைய மெல்லிய குரலில்.