தங்கத்தைக் காந்தம் இழுக்காது

காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே படிப்பது இரண்டு:

1. நிலையான காந்தப்புலம். மெஷின் சத்தமில்லாமல் கிடந்தாலும், கரண்ட் போனாலும் இருக்கும். இரும்பை இழுக்கும்.

2. மாறும் காந்தப்புலம். ஸ்கேன் ஓடும்போது மட்டும் இருக்கும். அது மாறமாற ஒரு மின்புலம் உண்டாகும். உலோக வளையம் அகப்பட்டால் அதில் கரண்ட் ஓடும், சுடும். தங்கமும் தப்பாது.

முதலாவதை எல்லோரும் நம்புவார்கள். ஊக்கு பறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதை நம்பவைக்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை

நெற்குப்பையிலிருந்து வள்ளிக்கண்ணு அக்கா கழுத்துவலிக்காக வந்திருந்தார். தோடு, மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டார். தாலிச் சங்கிலியை மட்டும் கையால் பொத்திக்கொண்டார். இதற்காகவே என் டிராயரில் மஞ்சள் கயிறு இருக்கும். முதலில் கயிற்றைக் கட்டிவிட்டு, பிறகு சங்கிலியைக் கழற்றச் சொல்வோம்.

அவர் கணவர் விடவில்லை. "செவ்வாக்கெழமை அதுவுமா கழட்டச் சொல்றீக. நான் இங்குட்டு உசுரோட நிக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். மேசைக் காலண்டரில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சங்கிலியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை.

"பாத்தீகளாண்ணே? தங்கத்தைக் காந்தம் இழுக்காது. பாப்பா புஸ்தகத்தை ஒப்பிக்குது."

கணவர் சிரித்தார்.

"இழுக்காது சார், சுடும்," என்றேன்.

"காந்தம் எங்கம்மா சுடும்? வெளிய நாலு பேரு உக்காந்திருக்காக. ஓட்டு. இல்லாட்டி பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.

அக்காவின் கையில் ரப்பர் பல்ப் கொடுத்து, உடம்புக்கு ஏதாவது செய்தால் அமுக்கச் சொல்லியிருந்தேன். மைக்கில் இரண்டு முறை கேட்டேன். "நல்லாத்தேன் இருக்கு" என்றார். ஸ்கேன் முடிந்து டேபிளை வெளியே இழுத்தபோது, சங்கிலி கிடந்த இடமெல்லாம் சிவந்து, பிடரியில் கொப்புளம் கண்டிருந்தது.

"ஏன்க்கா அமுக்கல?"

"வலிக்குச் சூடு குடுக்குறீகன்னு நெனச்சேம்மா. முன்னாடி போன ஆஸ்பத்திரியில வெளக்கு வச்சுக் குடுப்பாக. பொறுத்துக்கிட்டா சீக்கிரம் கேக்கும்னாக."

கழற்ற வேண்டிய பொருட்களுக்கு என்னிடம் ஒரு பட்டியலே உண்டு. இந்த மெஷின் படம் மட்டுமே எடுக்கும், வைத்தியம் செய்யாது என்கிற ஒரு வரி அதில் இல்லை.

கணவர் மேனேஜரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்: "படிச்ச புள்ளதானே, நீ சொல்லியிருக்கணும்ல?"

ரிஜிஸ்டரில் "டெக்னீஷியனின் கவனக்குறைவு" என்று மேனேஜர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பட்டனை அழுத்தியது என் விரல் என்பதை மறுக்க முடியாது.

பிறகு

கொப்புளத்துக்கு எங்கள் சென்டரிலேயே மருந்து வைத்துக் கட்டியிருந்தோம். நான்காம் நாள் கட்டு மாற்ற அக்கா வந்தார். புண்ணில் உரசும் என்று சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற கணவர் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கழற்றக் கூடாதென்றால் இன்றைக்கு மட்டும் ஆகுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அது வெள்ளிக்கிழமை.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு இரண்டே வரி. நோயாளியிடம், சூடு தெரிந்தால் அது வைத்தியம் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னால், கிளம்புங்கள். அன்று நான் கிளம்பவில்லை. அடுத்த மாதம் அவர்களே அனுப்பிவிட்டார்கள்.