சித்தாளின் உயரம்

கல்லூரி நூலகத்து அகராதியில் 'சித்தாள்' என்ற சொல்லைத் தேடியது தமிழ்ப் பற்றினால் அல்ல. அதுதான் என் அம்மாவின் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். வேலையிடத்தில் யாரும் அவளை வேறு மாதிரி கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிறுமை, ஆள், சிற்றாள், பேச்சில் சித்தாள். அதாவது சிறிய ஆள். அம்மா மேஸ்திரியைவிட அரையடி உயரம். அகராதி போட்டவர் அவளைப் பார்த்ததில்லை போலும்.

மற்றவர்களுக்கெல்லாம் நல்ல சொற்களாகவே வாய்த்திருந்தன. செங்கல் அடுக்குகிறவர் கொத்தனார். பின்னால் மரியாதைக்கு ஓர் 'ஆர்'. மேஸ்திரி என்பது போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்த சொல்லாம். மண் சுமக்கும் ஆண் பெரியாள். அதே மண்ணை அதே சட்டியில் சுமக்கும் பெண் மட்டும் சிறியவள்.

கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர்காரர்களுக்காக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கொத்தனாருக்கு ஞாயிற்றுக்கிழமை செவ்வாய் வரை நீளும். அந்தத் திங்கட்கிழமைகளில் கரணை பிடித்துச் சுவர் பூசுவது அம்மாதான். இன்ஜினியர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, "பூச்சு நல்லா இருக்கே, யாரு?" என்பார். "நம்ம கொத்தனாருதான் சார்" என்பார் மேஸ்திரி. வீட்டில் படுத்துக்கொண்டே அவ்வளவு நேர்த்தியாகப் பூசிய மகான் அவர்.

கட்டடத் தொழிலாளர் அட்டைக்கு விண்ணப்பம் வந்தது. 'தொழில்' என்ற இடத்தில் 'கொத்தனார்' என்று எழுதினேன். அட்டையில் அப்படி இருந்தால் அடுத்த வேலையிடத்தில் கரணையோடு நுழையலாம் என்பது அம்மாவின் ஆசை. மேஸ்திரியின் கையெழுத்துதான் பாக்கி. ஒரு திங்கட்கிழமை காலையில் நீட்டினேன்.

"இன்னா பாப்பா, பொம்பளைய கொத்தனார்னு எழுதிகினு வந்துகீற? ஊரே சிரிக்கும். சித்தாளுன்னு மாத்து, போடுறேன்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான், சும்மா இருப்பேனா? சொல்லின் வேர் முதல் விகுதி வரை விளக்கினேன்.

"இதுக்கா காலேஜுக்குப் போற?" என்றார்.

கலவை தயாராக இருந்தது. கொத்தனார் வழக்கம்போல வரவில்லை. மதியம் இன்ஜினியர் வருவார். அதற்குள் ஹால் சுவர் முடிய வேண்டும். அம்மா மணல் குவியலில் உட்கார்ந்து கால் நீட்டினாள்.

"கரணைய எடும்மா."

"நான் சித்தாளு மேஸ்திரி. அதெல்லாம் கொத்தனாரு வேல."

"பேஜாரு பண்ணாத. கலவ இறுகிகினு கீது."

"இறுகட்டும். நம்ம கொத்தனாரு வந்து இளக்கிக் குடுப்பாரு."

மேஸ்திரி வாசல் கேட் வரை போய்ச் சாலையைப் பார்த்தார். திரும்பி வந்து கலவையைக் குச்சியால் குத்தினார். மறுபடி சாலை, மறுபடி குச்சி. மூன்றாம் முறை குச்சி சுலபமாக இறங்கவில்லை.

"குடு அந்தக் காயிதத்த."

சிமெண்ட் மூட்டைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். 'கொத்தனார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் சாம்பல் நிறத்தில் பதிந்தது.

அம்மா கரணையோடு சாரத்தில் ஏறினாள். மேலேயிருந்து அவள் குரல் வந்தது: "ஏய் சித்தாளு, கலவ கொண்டா!"

சுற்றிப் பார்த்தேன். மற்ற பெண்களெல்லாம் நான்காவது மாடியில் இருந்தார்கள். துப்பட்டாவைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தேன். பாதிச் சட்டிக்குமேல் என்னால் தூக்க முடியவில்லை.

அகராதி போட்டவர் என்னைத்தான் பார்த்திருக்க வேண்டும்.