மெஷின் எடுத்துக்க மாட்டேங்குது!

கடைசியில் என் கைக்கும் அந்த டேப்லெட் வந்துவிட்டது!

(மருந்துக் கடை டேப்லெட் இல்லை. கட்டடம் கட்டி முடித்தவர்களின் வீட்டுக்குப் போய், பிளான்படி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துப் பதிவு செய்கிற டேப்லெட். அதுதான் என் வேலை.)

இது என் கைக்கு வரும்வரை நான் பட்ட பொறாமை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் கட்டமாக தி.நகர் பக்கம் பார்க்கும் செந்திலுக்குக் கொடுத்தார்கள். மந்தைவெளி பக்கம் பார்க்கும் எனக்குப் பழையபடி பேப்பர்தான்.

செந்திலும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பதவி, ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேசை!

அவன் போட்டோ எடுப்பான், நாலு இடத்தில் தொடுவான், வேலை முடிந்தது. நான் மழையில் நனைந்த பேப்பரை ஃபேனுக்கடியில் காயவைத்து, ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பேன்.

"இன்னா ரேவதி, இன்னும் வரைஞ்சிக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போவான் பாருங்கள்...

(அந்த ஹெல்மெட்டோடு சேர்த்துச் சபித்திருக்கிறேன்.)

ஆனால் உண்மையான வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அன்று காலை மந்தைவெளியில் ஒரு புது வீடு. கீழே கார் நிறுத்த வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, வாடகைக்கு விட ஓர் அறை கட்டியிருந்தார் வீட்டுக்காரர். பிளானில் அப்படி ஓர் அறையே கிடையாது.

முடியாது என்று எழுதினேன்.

"நீங்க மனசு வெச்சா ஆகாதா? ஒரு கோடு கிழிக்கறதுல உங்களுக்கு என்ன வந்துடப் போறது?"

"ரூல்ல இல்ல சார்."

"ரூலா? பேனா உங்க கையிலதானே இருக்கு! நீங்கதான் விட மாட்டேங்கறேள்!"

மொட்டைமாடியில் ஆரம்பித்த திட்டு கேட் வரை கூடவே வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மதியம், எப்படியும் எங்களுக்கும் வரப்போகிறது என்பதால், டேப்லெட்டைப் பழகிக்கொள்ளச் செந்திலோடு தி.நகர் போனேன். ஒரு துணிக்கடை அண்ணாச்சி கட்டிய கட்டடம். அங்கேயும் அதே கதை! கார் நிற்க வேண்டிய இடத்தில் புடவை மூட்டைகள்.

ஒரு சண்டைக்குத் தயாராக நின்றேன்.

செந்தில் டேப்லெட்டைத் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். "மெஷின் எடுத்துக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

"எடுத்துக்கிடாதா?"

"நான் இன்னா பண்றது? கார் நிக்கிற மாதிரி போட்டோ கேக்குது."

"பாவம், தம்பி என்ன செய்வாரு! சனியன் பிடிச்ச மெஷின்லா தடுக்கு!" என்ற அண்ணாச்சி, கடைக்குள் திரும்பி, "சாருக்கும் மேடத்துக்கும் ரோஸ்மில்க் சொல்லுப்பா!" என்றார்.

மறுத்தவனுக்கு ரோஸ்மில்க்!

அதே மறுப்புக்குக் காலையில் எனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாய் குடித்தேன், ரோஸ்மில்க்கே கசந்தது.

வெளியே டீக்கடையில் நின்றபோது அவன் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். 'பார்க்கிங் பிளான்படி உள்ளதா?' என்று ஒரு கேள்வி. கீழே 'ஆம்', 'இல்லை'.

சும்மா 'ஆம்' தொட்டேன். பச்சையாகி, ஒரு முனகல்கூட இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது!

"செந்தில்! இது எடுத்துக்குதே!"

"எல்லாத்தையும் எடுத்துக்கும்." அவசரமாக வாங்கி 'இல்லை' என்று மாற்றினான். "நான்தான் எடுத்துக்கல."

"அப்புறம் ஏன் பொய் சொன்ன?"

டீயை முடித்துக் கிளாஸை வைத்தான்.

"பேப்பர்ல எழுதின காலத்துல ஒருத்தன் என் பைக் சாவிய புடுங்கி வெச்சிக்கினான். சுத்தி நாலு பேரு. எழுதின கை எதுன்னு கேட்டான் ரேவதி. வீட்ல கூட சொன்னதில்ல. இப்ப கை இல்ல, மெஷின்தான். யாரும் என்னாண்ட கேக்கறதில்ல."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி என் பொறாமை இரண்டு மடங்கானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு மெஷின் இருந்திருந்தால்!

மந்தைவெளிக்காரர் என்மேல் புகார் எழுதினார். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். இடத்தைப் பார்த்துவிட்டு, நான் எழுதியது சரி என்றார். சுவரை இடித்தார்கள். இப்போது என்னைத் தெருவில் பார்த்தால் மனுஷர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நேற்று, டேப்லெட்டோடு என் முதல் வீடு. மந்தைவெளியிலேயே வேறொரு தெரு.

பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய சந்தில் ஒரு பாத்ரூம் முளைத்திருந்தது. வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், டீ-ஷர்ட்டில் நின்றார்.

உதட்டைப் பிதுக்கினேன். (கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன், சிரிக்காதீர்கள்!)

"மெஷின் எடுத்துக்க மாட்டேங்குது சார்."

"அப்படியா? என்ன எரர் வருது மேடம்?"

"...எரரா?"

"ஸ்க்ரீனைக் காட்டுங்க. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்லதான் இருக்கேன்."

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். 'ஆம்', 'இல்லை' இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"ரெண்டு பட்டனும் நல்லாத்தானே இருக்கு மேடம்?"

காது வரை சூடாகிவிட்டது எனக்கு.

"நல்லாத்தான் இருக்கு சார். அந்த பாத்ரூம்தான் சரியில்ல. தீப்பிடிச்சா மேல இருக்கறவங்க இறங்கி ஓடுற வழி அந்தச் சந்து. நான்தான் 'இல்லை'ன்னு போடுறேன்."

அவர் கண்ணெதிரே தொட்டேன்.

அவர் சந்துப் பக்கம் திரும்பினார். மாடியில் அவர் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"இதை முதல்லயே சொல்லிருக்கலாமே மேடம்," என்றார். "இடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

செந்திலிடம் சொன்னேன். போனில் அரை நிமிடம் சிரித்தான். இன்றைக்கும் அவனுக்கு ஒரு துணிக்கடைதானாம்!

மக்களே, நியாயத்தைச் சொல்லுங்கள். அவனுக்கு மட்டும் மெஷினைத் திட்டுகிற அண்ணாச்சிகள், எனக்கு மட்டும் ஏன் எரர் கேட்கிற ஆட்கள்?