எல்லாக் குஞ்சும் மஞ்சள் அல்ல

சிறுவருக்கான படப் புத்தகத்தைப் படிப்பவர்கள் சிறுவர்கள். அதைத் திருத்துபவர்கள் பெரியவர்கள். இத்தொழிலின் துன்பம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். கச்சான் காற்று கடைக்குள் புகுந்து பஞ்சையும் வண்ணத்தாள்களையும் அள்ளிச் சென்ற ஓர் ஆனி மாதக் காலை, பத்து மணிக்கு, என் பங்கு தொடங்கியது.

ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றபின், துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில், வீட்டு முன்னறையில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். படப் புத்தகங்களும், கோழியும் குஞ்சும் செய்வதற்கான கைவேலைப் பொதிகளும் விற்கிறேன். கடைசியாக, நானே எழுதி, நானே வரைந்த ஒரு புத்தகம்: ஒரு சாம்பல் கோழியும் அதன் குஞ்சுகளும். பாலையூற்றில் என் தங்கை வீட்டுக் கோழி அடைகாத்துப் பொரித்தவற்றை அருகிலிருந்து பார்த்து வரைந்தேன். ஒன்று கறுப்பு, சில, முதுகில் கோடு போட்ட மண்ணிறம், ஒன்று சாம்பல். மஞ்சள் ஒன்றும் இல்லை. என் குற்றம் அவ்வளவே.

புலுனி

அன்று வந்தவர் லிங்கநகரில் முன்பள்ளி நடத்தும் சுகந்தி. பிடித்தால் பிள்ளைக்கு ஒன்றாக வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அச்சுக்குப் போகுமுன் படங்களைக் காட்டினேன். புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கியது. குஞ்சென்றால் மஞ்சளாக இருக்க வேண்டுமாம். சுவரில் ஒட்டும் படத்தில் மஞ்சள், பிறந்தநாள் கேக்கில் மஞ்சள், தொலைபேசியில் ஆடிப் பாடும் குஞ்சும் மஞ்சள். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவருடைய ஸ்கூட்டரின் நிழலில் ஒரு நாட்டுக்கோழி தன் மண்ணிறக் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டு நின்றது. விரலால் சுட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். மீண்டும் என் படத்தைப் பார்த்தார்.

"கோவியாதேங்கோ ரீச்சர். உது குஞ்சில்லை, புலுனிக் குருவி. பிள்ளையளுக்குப் பிழையாய்ப் படிப்பிக்க ஏலாதுதானே?"

கொத்தும் கோழி

நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன்பள்ளியில் ஒரு கைவேலைக் காலை வைப்போம், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குஞ்சின் நிறத்தைத் தாங்களே பூசட்டும், பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன். சுகந்தி சம்மதித்தார். என்னைப்போல் பசையும் கத்தரிக்கோலுமாக வாழ்பவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. முட்டைத் தட்டில் வெட்டிய கிண்ணங்களையும் நான்கு நிற வர்ணங்களையும் மேசையில் வைத்தேன். பிள்ளைகளின் பின்னால் அமர்ந்திருந்த தாய்மார், "இஞ்ச தா, நீ பழுதாக்கிப்போடுவாய்" என்று தூரிகைகளைப் பறித்தனர். சிறிது நேரத்தில் தாய்மார் மேசையிலும் பிள்ளைகள் முற்றத்திலும் இருந்தனர். மஞ்சள் போத்தல் வெறுமையாயிற்று. ஒரு சிறுமி மட்டும் தாயின் அருகே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நீ ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "அம்மா செய்யட்டும். ஆர் செய்தது எண்டு கேட்டா, நான் எண்டு சொல்லுவன்" என்றாள். நான்கு வயதிலேயே உலகம் விளங்கிவிட்டது!

தாய்மாரில் ஒருவரான, கிண்ணியாவிலிருந்து வரும் பரீனா அன்று பேருந்தைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தார். பக்கத்து வீட்டாருடன் முன்னரே வந்திருந்த அவருடைய மகள் அப்னா, யாரும் பறிக்காததால், தன் குஞ்சைத் தானே முடித்திருந்தாள். கரிக்கட்டைபோல் கறுப்பு. "என்ன புள்ள இது, மஞ்சளப் பூசு" என்று பதறிய பரீனாவுக்குப் பூச மஞ்சள் மிஞ்சவில்லை. ஏன் கறுப்பு என்று சுகந்தி குனிந்து கேட்டார்.

"எங்கட கோழிக்குக் கறுப்புக் குஞ்சுதான். உம்மா மஞ்சள் குஞ்சு வாங்கிட்டு வந்து உட்டாங்க. கோழி அதக் கொத்திக் கொத்தித் தொரத்திட்டு."

அச்சகத்துக் கருணை

அந்தச் சாட்சியத்தில் சுகந்தி இளகினார். வரைந்தபடியே அச்சிடுங்கள், வாங்குகிறேன் என்றார். என் சேமிப்பின் பெரும்பகுதி அச்சகத்துக்குப் போனது. புத்தகக் கட்டு வந்ததும் அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாக் குஞ்சும் மஞ்சள்! கன்னத்தில் ரோசாநிறப் பொட்டு, கண்ணுக்கு இமைமயிர். 'கறுத்தக் குஞ்சு முன்னே ஓடியது' என்ற வரியின் மேல் ஒரு மஞ்சள் குஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, கணக்குச் சீட்டில் 'நிறத் திருத்தக் கூலி' என்று ஒரு தனித் தொகை.

வெயிலையும் பாராது அச்சகத்துக்கு நடந்தேன். கணினியில் பக்கம் அமைக்கும் கஜன் எழுந்து, தன் கதிரையைத் துடைத்து என்னை இருத்தி, தண்ணீரும் தந்தான். பண்பான பிள்ளை, அதனால் உரக்கத் திட்டவும் முடியவில்லை. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று மட்டும் வினவினேன்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை அம்மா. பாவம், வயசு போனதில உங்களுக்கு நிறம் தெரியேல்லையாக்கும் எண்டு, ராவிராவா இருந்து நானே திருத்திவிட்டனான்."

பூட்டிய படலை

மறுபடி அச்சிட அச்சக முதலாளிக்கும் மனமில்லை, எனக்கும் வழியில்லை. சுகந்தியிடம் சென்று, புத்தகத்தைப் பிள்ளைகளே திருத்தட்டும் என்றேன். என் நிபந்தனை ஒன்றே: தாய்மார் படலைக்கு வெளியே. அப்படியே படலை பூட்டப்பட்டது. தாள் நல்ல வேளையாக வழுவழுப்பற்றது, வர்ணம் பிடித்தது. மஞ்சளின் மேல் கறுப்பும் மண்ணிறமும் ஏறின. இமைமயிர்கள் மறைந்தன. வெளியே, "மகள், காலுக்குப் பூசாத!" என்று கம்பிகளுக்கிடையே பரீனா கத்தினார், அப்னா திரும்பியும் பார்க்கவில்லை. ஈரம் காயாத ஒரு புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சுகந்தி, சற்றும் வெட்கமின்றிச் சொன்னார்:

"இப்பதான் ரீச்சர், அசல் குஞ்சு மாதிரி இருக்கு. முதலே இப்பிடிக் கீறியிருக்கலாமே!"

பிழைக்கு ஈடாக வர்ணத்தின் விலையை அச்சக முதலாளி அன்றே கொடுத்தார்; புத்தகங்களின் விலையைச் சுகந்தி ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் தீர்த்தார்; பரீனா அடுத்த வெள்ளிக்கிழமை கறுத்தக் கோழியின் முட்டைகளைக் கொண்டுவந்து தந்தார்; 'நிறத் திருத்தக் கூலி'யை மட்டும் நான் இன்றுவரை கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதுமில்லை.