வீட்டின் உயரம்

என் மகள் தண்ணீருக்கடியில் வேலை செய்கிறாள் என்பதை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் முழுதாக விளங்கப்படுத்த முடிந்ததில்லை. கேட்பவர்களிடம் ஹோட்டலில் வேலை என்று சொல்லிவிடுவோம். அதில் பொய்யும் இல்லை. திருகோணமலைக் கரையோரம் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில்தான் முதலில் சேர்ந்தாள். பக்கத்தில் சுழியோடப் பழக்கும் நிலையம் ஒன்று இருந்தது. ஓய்வு நாட்களில் அங்கே போய் வந்தவள், மேசையை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துகொண்டாள். இப்போது முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்குள் அழைத்துப்போய், மீன்களைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். எங்கள் குடும்பத்தில் அவளைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் பொறுப்பாளர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். வாங்கிய பிள்ளைகளை மாலையில் வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பது என் வேலை. நடக்கக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த வேலையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. மகள் கடலுக்குப் போன நாளிலிருந்து சுறா, நீரோட்டம், அறுந்த குழாய், பழுதான சிலிண்டர் என்று நினைத்து வைத்திருந்தேன். நடந்ததை மட்டும் நினைத்திருக்கவில்லை.

பொங்கலுக்கு முந்திய வாரம், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் உல்லாசப் பயணிகள் தங்கும் ஒரு பங்களாவில், படகின் எஞ்சின் கழன்று தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தரும்படி மகளுடைய நிலையத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிலையத்தின் தலைவர் தென்பகுதிச் சிங்களவர். மகள் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் இவளும் இன்னொரு சுழியோடியும் வான் வண்டியில் வந்து, முங்குவதற்கு முதல் நாளே பங்களாவில் தங்கினார்கள். நீர்த்தேக்கம் கடல் மட்டத்தைவிட மிக உயரத்தில் இருப்பதால், அந்தக் காற்றுக்கு உடம்பு பழக வேண்டும், முங்கும் ஆழத்தையும் நேரத்தையும் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். கவனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் வீடு பொகவந்தலாவைக்கும் மேலே, தோட்டத்தின் மேற்கணக்கில் இருக்கிறது. மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மிக உயர்ந்த பிரிவு. வேலை முடிந்ததும் மகள் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. என் கணவர் ஆட்டோ வைத்திருக்கிறார். அவளை ஏற்றிவர அவர் போனபோது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப்போனேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்துக்கொண்டேன்.

அவள் தண்ணீருக்குள் இறங்குவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். உடம்பை இறுக்கும் தடித்த கறுப்பு உடுப்புப் போட்டிருந்தாள். பின்னோக்கி நடந்துபோய், இடுப்பளவு வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அமிழ்ந்தாள். அதன்பின் குமிழிகள் மட்டும்தான். குமிழிகள் வரும் இடம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கலங்கி இருந்தது. கணவர் பங்களாக் காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குமிழிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முந்திய நாள் இரண்டு தடவை இறங்கியிருக்கிறார்கள். அன்று காலையிலும் இரண்டு தடவை. நான் பார்த்த அந்தக் கடைசித் தடவையில்தான் எஞ்சின் கிடைத்தது. சேற்றிலிருந்து அதைப் பெயர்த்துக் கயிறு கட்டி இழுத்துவர அவளும் அந்தச் சுழியோடியும் நிறையப் பாடுபட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏறி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் கடகடவென்று அடித்தன. பிளேன்டீயைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

கீழே என்ன இருந்தது என்று அவள் அப்பா கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலப்பா. கைய நீட்டினா கையே தெரியல. தடவித் தடவித்தான் போனோம். அணை கட்டினப்ப முங்கிப்போன தேயிலைக் கட்டைங்க தட்டுப்பட்டுச்சு. இன்னும் நெர நெரையா அப்படியே இருக்கு."

"சும்மாவா வந்த? ரெண்டு கொழுந்து கிள்ளிட்டு வந்திருக்கலாம்ல. அரைப்பேராவது போட்டிருப்பாங்க."

அரைப்பேர் என்றால் அரை நாள் வேலைக்கான சம்பளம். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன். அவள் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பயப்பட இனி எதுவும் மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது.

புறப்படும்போது தலைவர் அவளிடம் சிங்களத்தில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நன்றாகத் தண்ணீர் குடி, ஓய்வெடு, நாளை வரைக்கும் உயரமான இடம் எதற்கும் போகாதே. சரி அய்யா என்றாள். முங்கி எழுந்தவர்கள் உடனே விமானத்தில் ஏறக் கூடாது, அது போலத்தான் இதுவும் என்று எனக்கும் விளக்கினாள். ஆழத்தில் இருக்கும்போது உடம்புக்குள் கரைந்த காற்று மெதுவாகத்தான் வெளியேறுமாம். அதற்குள் உயரத்துக்குப் போனால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளுக்குள்ளே நுரைத்துவிடுமாம்.

ஆட்டோ நோர்வூட்டைத் தாண்டும்போது, பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் அன்றிரவு சிவனொளிபாத மலைக்குப் போகிறார்கள், நீயும் போகிறாயா என்று கணவர் கேட்டார். போக முடியாது, அய்யா உயரத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றாள். ஆசையை அடக்கிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்கிறாளே என்று நான் அவளை மெச்சினேன். கணவரும் மெச்சினார். ஆட்டோ பொகவந்தலாவைக் கடைத்தெருவைத் தாண்டி, தோட்டத்துப் பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவில் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. மூடுபனி எங்களுக்குக் கீழே இருந்தது. அவள் அதைத் தொலைபேசியில் படம் எடுத்தாள். அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தலைவர் கடலோரத்து மனிதர், வீடு என்றால் ஊருக்குள் எங்கோ இருக்கும் என்று நினைத்திருப்பார். மகள் இந்தப் பாதையில் பிறந்த நாளிலிருந்து ஏறி இறங்கியவள். உயரமான இடம் என்றால் நாங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் இடம்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கிறது என்று படுத்தாள். எழுந்தபோது வலது தோள் வலிக்கிறது என்றாள். தோள்வலியை எங்கள் பக்கம் வியாதியாக யாரும் எண்ணுவதில்லை. கொழுந்துக் கூடை சுமக்கிற எல்லோருக்கும் அது இருக்கிறது. எஞ்சினை இழுத்ததில் பிடித்துக்கொண்டிருக்கும் என்றேன். அடுத்த வீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்து, குளிர் தண்ணீரில் கிடந்ததால் வாயுப் பிடிப்பு என்றார். நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்தோம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். தேய்க்கத் தேய்க்க அவள் முகம் சுருங்கியது.

"கடலுக்குள்ள திமிங்கலத்தோட நீந்துறவ, ஒரு ஒத்தடத்துக்கு இப்படி அழுவுறாளே" என்று அக்கா சீண்டினார். மகள் சிரிக்கவில்லை.

தேநீர் கொடுத்தபோது கோப்பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தாள். தோளுக்குக் கீழே தோல் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எண்ணெய்ச் சூடு பட்டுவிட்டதோ என்று பயந்தேன். அவள் அந்தத் திட்டுக்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அய்யாவுக்குக் கோல் எடுங்க. நீங்களே பேசுங்க. எனக்கு ஃபோன பிடிக்க ஏலல."

அவர்கள் இன்னும் ஏரிக்கரையில்தான் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தோள்வலியையும் விரல் மரத்ததையும் திட்டுக்களையும் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன். வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். மேற்கணக்கு என்றேன். எத்தனை மீட்டர் என்றார். கணவரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன், அங்கேதான் என் பிள்ளையையும் வளர்த்தேன். அதன் உயரம் எனக்குத் தெரியவில்லை. ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் ஏறினீர்கள் என்று கேள்வியை மாற்றிக் கேட்டார். ஏரியிலிருந்து பார்த்தால் மேகம் இருக்கிற இடம் என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மகள் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"நாம ஏறி வந்துட்டோம்மா."

உடனே கீழே இறங்குங்கள், ஒட்சிசன் சிலிண்டர் வானில் இருக்கிறது, நாங்கள் ஏரிக்கரைப் பாதையில் நிற்கிறோம் என்றார் தலைவர். இறங்கும்போது அவளைப் படுக்க வையுங்கள், தோளைத் தேய்க்காதீர்கள் என்றும் சொன்னார். தேய்த்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை.

ஆட்டோவில் ஆளைப் படுக்க வைக்க முடியாது. என் மடியில் சாய்த்துக்கொண்டேன். அவ்வளவு குறுகலான பாதையில் கணவர் அத்தனை வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை, மெதுவாகப் போங்கள் என்று நான் சொல்லாததும் அன்றுதான். காலை அசைத்துக் காட்டு என்று ஒவ்வொரு வளைவிலும் அவளிடம் கேட்டேன். அசைத்தாள். கால் விளங்காமல் போனவர்கள் உண்டு என்று அவள் ஒரு தடவை கதையோடு கதையாகச் சொன்னது என் ஞாபகத்தில் இருந்தது.

ஏரிக்கரையில் முகமூடியைப் பொருத்தி ஒட்சிசன் கொடுத்தார்கள். வானில் நான் அவளோடு ஏறினேன்; கணவர் ஆட்டோவோடு நின்றுவிட்டார். கடற்கரைப் பக்கம் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் ஹட்டனைத் தாண்ட வேண்டும். ஏரியிலிருந்து ஹட்டனுக்குப் பாதை ஏறுகிறது. எத்தனையோ தடவை பஸ்ஸில் போன பாதை, அது ஏற்றம் என்று அன்றுதான் கவனித்தேன். மலைநாட்டிலிருந்து இறங்குவதற்கும் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. தலைவர் ஓட்டினார். வான் எஞ்சின் இரைச்சல் கூடும்போதெல்லாம் அவள் கண்ணை இறுக்கினாள்.

ஹட்டனுக்குப் பிறகு இறக்கம். கினிகத்தேனையில் தண்ணீர்ப் போத்தல்கள் வாங்க நிறுத்தினார்கள். இன்னும் இருட்டவில்லை. கடைக்காரர் வானுக்குள் எட்டிப் பார்த்து, பாம்பு கடித்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல நேரமில்லை. வான் மறுபடி இறங்கத் தொடங்கியதும் மகள் முகமூடியை ஒதுக்கிக்கொண்டு, "கை கொஞ்சம் லேசாயிருக்கு" என்றாள். காதில் விழுந்ததை நம்பாமல் தலைவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். முகமூடியைப் போடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அழுத்த அறை எண்ணெய் ஏற்றிப்போகும் பவுசர் லொறி மாதிரி ஓர் இரும்புத் தொட்டி. சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. உள்ளே காற்றை அழுத்தி அவளை மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோவது போலச் செய்வோம், பிறகு மெது மெதுவாக மேலே கொண்டுவருவோம் என்று டாக்டர் விளக்கினார். நேரத்தோடு இறக்கிக் கொண்டுவந்தது நல்லது என்றும், அன்றிரவு அங்கேயே வைத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்றும் சொன்னார். நான் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டமாக்கிக் காட்டினாள். வலது கையால் காட்டினாளா, இடது கையாலா என்பதைத்தான் பார்த்தேன். இடது கை.

சில தடவை அதற்குள் வைத்தார்கள். வலி போய்விட்டது. சுண்டுவிரலில் மட்டும் மரப்பு மிச்சமிருந்தது, அதுவும் போகும் என்றார்கள். சில வாரங்களுக்கு உயரத்துக்குப் போகக் கூடாது என்பதால் அவளுக்கு வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. கடற்கரைப் பக்கம் ஓர் அறை எடுத்து இருவரும் தங்கினோம். பொங்கல் அங்கேதான், காஸ் அடுப்பில். வெக்கையும் நுளம்புக் கடியும் எனக்குப் பழக்கமில்லை. இரவில் மின்விசிறி சுழலும்போது அவள் கையைத் தொட்டுப் பார்ப்பேன்.

இனிமேலும் முங்கப் போவாயா என்று ஒரு நாள் கேட்டேன். டாக்டர் சரி என்றால் போவேன் என்றாள். பிறகு, "தண்ணி ஒண்ணும் செய்யலயேம்மா" என்றாள். சொல்லிவிட்டு, நான் மனம் நோவேன் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்துபோய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். பஸ் ஏறத் தொடங்கியது. காது அடைத்தது. கினிகத்தேனையில் அவளை எழுப்பி, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்று மறுபடி தூங்கினாள். வட்டவளையில் எழுப்பினேன். ஹட்டனில் எழுப்பினேன். அங்கே பஸ் மாறி நோர்வூட் வரைக்கும் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு, பொகவந்தலாவைப் பாதையில் மறுபடி எழுப்பினேன்.

"அம்மா, இன்னொரு தடவ எழுப்பினீங்கன்னா நான் இறங்கி நடந்தே வந்துருவேன்" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சரி, இனி எழுப்பவில்லை என்றேன். அவள் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பொகவந்தலாவை வரும் வரைக்கும் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். மரத்திருந்த சுண்டுவிரலை அழுத்தும்போது மட்டும், தூக்கத்திலேயே, கையை இழுத்துக்கொண்டாள்.