ராணிக்கு முதலில் ஊசி

அந்த வீட்டில் ராஜ உபசாரம் நாய்களுக்குத்தான். மாமனார் ஜாதி நாய்களை வளர்த்துக் குட்டி விற்பவர். தெருக்காரர்கள் 'நாய் டாக்டர்' என்று கேலி செய்வார்கள். அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொள்வார். பின்பக்கக் கூண்டுகளில் மின்விசிறி சுழலும். மருமகள் துணி துவைக்கும் மூலையில் ஒரு விளக்குகூடக் கிடையாது.

மருமகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மூக்கைத் துடைப்பாள், பால் புட்டி கழுவுவாள், அழுகிற ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே அடம்பிடிக்கிற இன்னொன்றுக்கு ஊட்டுவாள். காப்பகத்தில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உடம்பில் சிவப்புப் புள்ளிகளைக் கிளப்பும் ருபெல்லா அம்மைக்கு அவளிடம் எதிர்ப்பு சக்தி இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம் என்றார் டாக்டரம்மா. கர்ப்பமான பிறகு அதற்கான தடுப்பூசியைப் போட முடியாது. இப்போதே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

மாமியார் குதித்தார். "இன்னும் ஒரு மாசம் தள்ளணுமா? ஊசி போட்டா அப்புறம் கரு எப்படித் தங்கும்? எனக்கு எவன் ஊசி போட்டான்? மூணு பெத்தேன், மூணும் கல்லு மாதிரி இருக்கு!"

அந்த மூன்று கற்களில் ஒன்று சோபாவில் கிடந்தது. "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் கணவன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். கல்தான், சந்தேகமே இல்லை.

அந்த வாரமே காப்பகத்தின் அடுத்த அறைக்கு ஒரு பிள்ளை உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகளோடு வந்து, வந்த வேகத்தில் திருப்பி அனுப்பப்பட்டது. வீட்டில் வந்து சொன்னாள். "வேர்க்குரு" என்று தீர்ப்பு சொன்னார் மாமியார், பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி குட்டிக்குச் சொல்லிவைக்க வந்தார்கள். மாமனார் தாய் நாய் ராணியின் கழுத்தைத் தடவியபடி பிரசங்கத்தை ஆரம்பித்தார். "ஜோடி சேர்க்கிறதுக்கு முன்னாடியே தாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. தாய்க்குப் பாதுகாப்பு இல்லைன்னா குட்டிக்கு எங்கேருந்து வரும்? இதுகூடத் தெரியாதவன் நாய் வளர்க்கவே கூடாது."

டீ தட்டோடு நின்ற மருமகள் கேட்டாள்: "அப்ப எனக்கு எப்போ மாமா?"

"என்னம்மா?"

"ஊசி. டாக்டரம்மா சொன்னாங்களே, பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாடி போடணும்னு. அத்தைதான் வேணாங்கிறாங்க."

வந்திருந்த பெண்மணி டீயை எடுக்கவில்லை. "என்ன சார் இது? நாய்க்குப் போட்டிருக்கீங்க, மருமகளுக்குப் போடலையா? அப்ப நாய்க்காவது நிஜமாப் போட்டீங்களா?"

மாமனாருக்கு வேர்த்தது. மருமகளை நினைத்து அல்ல, வியாபாரத்தை நினைத்து. "சேச்சே, நாளைக்கே போட்டுடுவோம்!" என்றார். மாமியார் வாயைத் திறந்தார். "நீ சும்மா இரு" என்று மாமனார் ஒரே வெட்டில் அதை மூட வைத்தார்.

மறுநாள் காலை அவள் தனியாகவே போனாள். கர்ப்பமில்லை என்று உறுதிசெய்த பிறகு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவனின் தலையணையைத் தூக்கி சோபாவில் போட்டாள்.

"இந்த மாசம் நீங்க இங்கதான்."

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? அத்தையா பெத்துக்கப் போறாங்க?"

இப்போதெல்லாம் குட்டி வாங்க வருகிறவர்களிடம் மாமனார் நெஞ்சை நிமிர்த்துகிறார்: "நம்ம வீட்டுல மருமகளுக்கே போட்டாச்சு, நாய்க்குப் போடாம விடுவோமா?"